கிளவுட் வேண்டாம்: மொபைல் படங்களை லேப்டாப்புக்கு ஒழுங்காகக் கொண்டுவருவது எப்படி?

பெரம்பூர் ஆரி | சனி, இரவு 10.15

வணக்கம். பெரம்பூரில் வீட்டிலேயே ஆரி ஒர்க் பிளவுஸ் செய்து கொடுக்கிறேன். என்னோடு இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஓர் ஆர்டர் வந்தால் புடவை பார்டர், பென்சிலில் போட்ட டிசைன், அளவு எழுதிய தாள், கல்யாணப் பெண் ட்ரையல் பார்க்கும்போது முன்பக்கம், முதுகு, கை என்று பதினைந்து படமாவது சேர்ந்துவிடும். ஐந்து வருஷத்தில் மொபைலில் 60 ஜிபி ஆகிவிட்டது. கூகுள் கணக்கோடு இலவசமாக வரும் 15 ஜிபி எப்போதோ நிரம்பிவிட்டது.

பணம் கட்டிக் கூடுதல் இடம் வாங்கிக்கொள் என்கிறார்கள் வீட்டில். எனக்குப் பணம் காரணம் இல்லை. போன தை மாதம் ஓர் அம்மா, தன் பெண்ணை நான் படம் எடுக்கும்போது, "இதை இன்டர்நெட்டில் எங்கேயும் ஏற்றிவிடாதேம்மா" என்றார். ஏற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். முதுகு முழுசாகத் தெரியும் படங்கள் அவை. அவர் கேட்டது நியாயம். அன்றைக்கே படங்கள் தானாக ஏறுவதை நிறுத்திவிட்டேன்.

ஆனால் போன வாரம் கேபிள் போட்டு மாற்றும்போது பெரிய இழப்பு. ஃபோல்டரை கட் செய்து லேப்டாப்பில் பேஸ்ட் கொடுத்தேன். நடுவில் கேபிள் அசைந்து இணைப்பு அறுந்தது. 40 படங்கள் மொபைலிலும் இல்லை, லேப்டாப்பிலும் இல்லை. மூன்று கல்யாண ஆர்டர் அதில் இருந்தது. இரண்டு நாள் தூக்கமே வரவில்லை.

மொபைலில் எடுக்கும் படம் தானாக லேப்டாப்புக்கு வர வேண்டும். லேப்டாப்பில் நான் டைப் செய்யும் அளவுக் கணக்கு மொபைலில் தெரிய வேண்டும். நடுவில் வேறு யாருடைய கம்ப்யூட்டரும் இருக்கக் கூடாது. மொபைல் ஆண்ட்ராய்ட் 13, லேப்டாப் விண்டோஸ். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நங்கநல்லூர் 61 | சனி, இரவு 11.02

அம்மா, முதலில் தொலைந்த படங்களைப் பார்ப்போம். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்தக் கால மொபைல்களில் உள்நினைவகம் முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருக்கும். அழிந்ததை மென்பொருள் போட்டு மீட்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். "மீட்டுத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பெண்களின் படங்கள் இருக்கும் மொபைலை நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். கேபிள் வழியாக அழிவது கேலரியின் குப்பைத்தொட்டிக்கும் வராது.

ஆனால் ஓர் இடம் இருக்கிறது. முடித்த பிளவுஸின் படத்தை வாடிக்கையாளருக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருப்பீர்கள் அல்லவா? ஃபைல் மேனேஜரில் ஆண்ட்ராய்ட், அதற்குள் மீடியா, அதற்குள் வாட்ஸப் பெயரில் இருக்கும் ஃபோல்டர், உள்ளே வாட்ஸப் இமேஜஸ், அதற்குள் சென்ட் என்று போய்ப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படங்களின் பிரதி அங்கே கிடக்கும். அளவு சுருங்கி, தெளிவு கொஞ்சம் குறைந்திருக்கும். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

கட் ஏன் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். பழைய மொபைல்களைக் கேபிளில் சொருகினால் பென்டிரைவ் மாதிரியே தெரியும். கம்ப்யூட்டர் அந்த நினைவகத்தை முழுசாகத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். அதுவரை மொபைலால் அதைத் தொட முடியாது. இதை மாற்றத்தான் ஆண்ட்ராய்ட் எம்டிபி என்ற முறைக்கு வந்தது. இதில் நினைவகம் மொபைலின் கையிலேயே இருக்கும். கம்ப்யூட்டர் "இந்த ஃபைலைக் கொடு" என்று கேட்க, மொபைல் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும், கவுன்ட்டரில் நின்று சாமான் வாங்குகிற மாதிரி. கட் என்றால் "கொடு, கொடுத்தபின் அழி" என்று இரண்டு கட்டளை. நடுவில் கேபிள் விட்டால் இந்தப் பக்கம் பாதி எழுதிய ஃபைல், அந்தப் பக்கம் அழிந்த ஃபைல் என்று ஆகிவிட இடமிருக்கிறது.

அதனால் எப்போதும் காப்பி மட்டும். காப்பி ஆனதும் இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையைப் பாருங்கள், நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகுதான் அழிக்க வேண்டும்.

பெரம்பூர் ஆரி | ஞாயிறு, காலை 7.30

ஐயா, நீங்கள் சொன்ன ஃபோல்டரில் 31 படங்கள் கிடைத்தன! வேலைப்பாட்டில் ஒவ்வொரு ஜர்தோசியும் எண்ணும் அளவுக்குத் தெளிவு இல்லை, ஆனால் டிசைன் தெரிகிறது. ரொம்ப நன்றி. இன்னும் ஒன்பதுதான் பாக்கி.

வேளச்சேரி லினக்ஸ் | ஞாயிறு, காலை 9.48

அக்கா, நீங்கள் கேட்டதற்கு அப்படியே பொருந்துவது சிங்க்திங். 2013-இல் இருந்து இருக்கும் திறமூல மென்பொருள், இலவசம். மொபைலில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று நிறுவ வேண்டும். இரண்டும் வீட்டு வைஃபையில் ஒன்றையொன்று கண்டுபிடித்து நேராகப் பேசிக்கொள்ளும். நடுவில் எந்த சர்வரிலும் படம் போய்த் தங்காது.

ஒவ்வொரு கருவிக்கும் நீளமான அடையாள எண் ஒன்று உண்டு. லேப்டாப் திரையில் வரும் கியூஆர் கோடை மொபைலில் ஸ்கேன் செய்தால் போதும். பிறகு லேப்டாப்பும் அந்த மொபைலை ஏற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் சம்மதம் சொன்னால்தான் ஃபைல் நகரும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. ஆண்ட்ராய்டுக்கான அதிகாரப்பூர்வ செயலியை 2024 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது பலரும் பயன்படுத்துவது சிங்க்திங் ஃபோர்க். திறமூலச் செயலிகளுக்கான எஃப்-டிராய்ட் என்ற தளத்தில் கிடைக்கும். லேப்டாப் பக்கம் வழக்கம்போல் புதிய பதிப்புகள் வருகின்றன. அங்கே பிரவுசரில் 127.0.0.1:8384 என்று அடித்தால் கட்டுப்பாட்டுப் பக்கம் திறக்கும். பிரவுசரில் திறக்கிறதே என்று பயப்படாதீர்கள், அது உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே ஓடும் பக்கம்.

இரண்டு ஃபோல்டர் போடுங்கள்:

கேமரா படங்கள் ஃபோல்டர். மொபைலில் இதை "அனுப்ப மட்டும்" என்றும் லேப்டாப்பில் "பெற மட்டும்" என்றும் வையுங்கள். லேப்டாப்பில் யாராவது தெரியாமல் அழித்தாலும் மொபைலில் இருப்பதை அது தொடாது.

அளவுக் கணக்கு ஃபோல்டர். இது இரண்டு பக்கமும் போய்வர வேண்டும்.

அமைப்புகளில் குளோபல் டிஸ்கவரி (இன்டர்நெட் வழியாகக் கருவியைத் தேடுவது), ரிலே (நடுவில் வேறொரு சர்வர் வழியாக அனுப்புவது) இரண்டையும் அணைத்துவிடுங்கள். அப்போது படங்கள் வீட்டு வைஃபைக்கு வெளியே போகாது. ரிலே வழியாகப் போனாலும் நடுவில் இருப்பவரால் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்துதான் போகும். ஆனால் நீங்கள் ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். எனவே அணைத்துவிடுவதே சரி.

பெரம்பூர் ஆரி | ஞாயிறு, மாலை 6.20

தம்பி, மத்தியானம் முழுக்க உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அடையாள எண் சேர்த்தாகிவிட்டது. "துண்டிக்கப்பட்டது" என்றே காட்டுகிறது. ஒரே வைஃபைதான். இன்னொன்று, மொபைலில் இந்தச் செயலி என் இருப்பிடத்தைத் தெரிந்துகொள்ள அனுமதி கேட்கிறது. படம் அனுப்ப இருப்பிடம் எதற்கு? பயந்துபோய் மறுத்துவிட்டேன்.

வேளச்சேரி லினக்ஸ் | ஞாயிறு, மாலை 6.41

கேட்டது நல்லது அக்கா. "என் வீட்டு வைஃபையில் இருக்கும்போது மட்டும் ஓடு" என்று வைக்க, செயலிக்கு வைஃபையின் பெயர் தெரிய வேண்டும். வைஃபை பெயரை வைத்து ஒருவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பதால், பெயரைப் படிக்கவே இருப்பிட அனுமதி வேண்டும் என்று ஆண்ட்ராய்ட் விதி வைத்திருக்கிறது. அந்த வசதி வேண்டாம் என்றால் மறுத்துவிடலாம், சிங்க் ஆவதற்குத் தடை இல்லை.

பேட்டரி ஆப்டிமைசேஷன் பட்டியலில் இந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். இல்லையென்றால் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் ஆண்ட்ராய்ட் இதைத் தூங்க வைத்துவிடும். சில கம்பெனி மொபைல்களில் தானாகத் தொடங்கும் அனுமதி என்று தனியாக இன்னொன்றும் இருக்கும், அதையும் பாருங்கள்.

துண்டிப்புக்குக் காரணம் ரவுட்டரா விண்டோஸா என்று பார்க்க வேண்டும்.

ரிச்சி தெரு சர்வீஸ் | ஞாயிறு, இரவு 8.05

மேடம், கடையில் இது அடிக்கடி பார்க்கிற பிரச்சினை. மூன்று இடம் பாருங்கள்.

லேப்டாப் வைஃபையைச் சொடுக்கி அது "பப்ளிக்" என்று இருக்கிறதா "பிரைவேட்" என்று இருக்கிறதா பாருங்கள். பப்ளிக் என்றால் விண்டோஸ் வெளியாட்களைப் பார்ப்பது மாதிரி மற்ற கருவிகளுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும். பிரைவேட் ஆக்குங்கள்.

ஃபயர்வாலில் சிங்க்திங்குக்கு அனுமதி கொடுங்கள். ஃபைல் போவதற்கு 22000, கண்டுபிடிப்பதற்கு 21027, இந்த இரண்டு போர்ட்டும் திறந்திருக்க வேண்டும்.

அப்புறம் ரவுட்டர். மொபைல் "கெஸ்ட்" வைஃபையில் சேர்ந்திருந்தால் அதற்கு இன்டர்நெட் கிடைக்கும், ஆனால் பக்கத்தில் இருக்கும் லேப்டாப் தெரியாது. விருந்தாளிக்கு வராந்தா மட்டும் திறந்து வைப்பது போல. சில ரவுட்டர்களில் ஏபி ஐசொலேஷன் என்ற பெயரில் சாதாரண வைஃபையிலும் இந்தத் தடுப்பு போட்டிருப்பார்கள்.

இன்னொரு விஷயம், கேபிள். நீங்கள் போட்டது சார்ஜரோடு வராத, தனியாக வாங்கிய கேபிளா? விலை மலிவாக விற்கும் பல கேபிள்களில் கரன்ட் போகும் கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பியே இருக்காது. இருந்தாலும் மெல்லிசாக இருக்கும், முனை ஆட ஆரம்பித்ததும் விட்டுவிட்டுத் தொடும். உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வாங்கும்போது கடையிலேயே சொருகி ஒரு படத்தைக் காப்பி செய்து காட்டச் சொல்லுங்கள். டைப்-சி முனை இருந்தாலே வேகம் என்று நினைக்க வேண்டாம். நடுத்தர விலை மொபைல்கள் பலவற்றில் உள்ளே இருப்பது யுஎஸ்பி 2.0தான். ஏட்டில் விநாடிக்கு 480 மெகாபிட், கையில் கிடைப்பது 30 எம்பி பக்கம். உங்கள் 60 ஜிபிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கேபிள் அசையாமல் இருக்க வேண்டும்.

பெரம்பூர் ஆரி | திங்கள், காலை 6.10

பப்ளிக் என்றுதான் இருந்தது! மாற்றிய அடுத்த நிமிஷமே பச்சை வந்துவிட்டது. ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் வந்திருக்கிறது. எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்று. எல்லோருக்கும் நன்றி.

கொளத்தூர் டீச்சர் | திங்கள், மாலை 5.35

குறுக்கே கேட்பதற்கு மன்னியுங்கள். என்னிடம் ஐபோன். பிள்ளைகளின் நாடகப் பயிற்சி வீடியோக்கள் இருக்கின்றன, அவற்றையும் வெளியே ஏற்ற எனக்கு மனமில்லை. இதே முறை ஐபோனில் நடக்குமா?

வேளச்சேரி லினக்ஸ் | திங்கள், இரவு 9.12

டீச்சர், பாதி நடக்கும். சிங்க்திங்கை ஐபோனில் ஓட்ட மோபியஸ் சிங்க் என்ற செயலி இருக்கிறது. ஆனால் ஐபோன் எந்தச் செயலியையும் பின்னணியில் நீண்ட நேரம் ஓட விடாது. அவ்வப்போது திறந்து வைத்தால்தான் சிங்க் ஆகும்.

உங்களுக்குக் கேபிள்தான் நல்ல வழி. மேக் என்றால் 2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து ஐடியூன்ஸ் கிடையாது, ஃபைண்டரிலேயே ஐபோன் தெரியும். விண்டோஸ் என்றால் ஐடியூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ். அதில் முழு பேக்கப்பையும் உங்கள் கம்ப்யூட்டரிலேயே எடுக்கலாம். "பேக்கப்பைக் குறியாக்கம் செய்" என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். அப்போதுதான் சேமித்த பாஸ்வேர்டுகளும் உடல்நலத் தகவல்களும் சேர்ந்து வரும். அந்த பேக்கப் பாஸ்வேர்டை மறந்தால் பேக்கப்பைத் திறக்க வழி இல்லை, ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள்.

படங்களை விண்டோஸுக்குக் காப்பி செய்யும்போது பாதியில் நின்றுபோனால், ஐபோன் அமைப்புகளில் ஃபோட்டோஸ் பகுதியின் கடைசியில் "மேக் அல்லது பிசிக்கு மாற்று" என்று இருப்பதில் "கீப் ஒரிஜினல்ஸ்" தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்தையும் போகிற வழியில் ஜேபெக் ஆக்கிக்கொண்டே அனுப்பும், அங்கேதான் பலருக்கு அறுந்துபோகிறது.

ஒன்றிரண்டு வீடியோ அனுப்ப மட்டும் என்றால் லோக்கல்செண்ட் போதும். ஐபோன், ஆண்ட்ராய்ட், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். வைஃபை இருந்தால் சரி, இன்டர்நெட் இணைப்பே தேவையில்லை. ஆனால் அது அனுப்பும் வேலை மட்டும்தான் செய்யும், சிங்க் செய்யாது.

பெரம்பூர் ஆரி | வியாழன், இரவு 9.50

மறுபடி நான்தான். மொபைலில் இடம் சுத்தமாக இல்லை. எல்லாம் லேப்டாப்பில் வந்துவிட்டதால் மொபைலில் இருக்கும் பழைய படங்களை இன்றைக்கு அழிக்கப் போகிறேன். அழிக்கலாம்தானே?

வேளச்சேரி லினக்ஸ் | வியாழன், இரவு 9.53

அக்கா வேண்டாம்! நிறுத்துங்கள்!

மொபைலில் அழித்தால் லேப்டாப்பிலும் அழிந்துவிடும். சிங்க் என்றால் அதுதான் பொருள். புதுப் படம் போவது போலவே "இதை அழித்துவிட்டேன்" என்ற செய்தியும் போகும். "பெற மட்டும்" என்றால் மொபைல் சொல்வதையெல்லாம் லேப்டாப் கேட்டுக்கொள்ளும், அழிப்பதையும் சேர்த்து. இதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். என் தவறு, மன்னித்துவிடுங்கள்.

பெரம்பூர் ஆரி | வியாழன், இரவு 9.58

இன்னும் எதையும் தொடவில்லை தம்பி. வைஃபையை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கை நடுங்குகிறது.

வேளச்சேரி லினக்ஸ் | வியாழன், இரவு 10.10

நல்லது. லேப்டாப் பக்கத்தில் அந்த ஃபோல்டரின் மேம்பட்ட அமைப்பில் "அழிப்பதைப் புறக்கணி" என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் மொபைல் அழித்ததை லேப்டாப் கண்டுகொள்ளாது. நான் அப்படித்தான் ஒரு வருஷமாக வைத்திருக்கிறேன்.

நங்கநல்லூர் 61 | வெள்ளி, காலை 6.25

தம்பி, இதில் நான் ஒத்துப்போகவில்லை. உங்களுக்கு அது ஓடலாம், ஏனென்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இந்த அம்மாவுக்கு அது ஆபத்து. அதைப் போட்ட நாளிலிருந்து இரண்டு பக்க எண்ணிக்கையும் பொருந்தவே பொருந்தாது. இப்போது அவர் கையில் இருக்கும் ஒரே சோதனை அந்த எண்ணிக்கைதான். அதையும் எடுத்துவிட்டால் நாளைக்கு நிஜமாகவே பத்துப் படம் விடுபட்டாலும் தெரியாது. லேப்டாப்பை மாற்றி மறுபடி நிறுவும்போது அந்த டிக்கைப் போட மறந்தால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள்.

முப்பது வருஷம் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன் நான். ஒரு லைனில் கை வைக்கும் முன் அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்வது பழக்கம். இங்கேயும் அதையே கேட்கிறேன்: படம் முதலில் எங்கே பிறக்கிறது, கடைசியில் எங்கே தங்க வேண்டும்? பிறப்பது மொபைல். தங்க வேண்டியது லேப்டாப்பில் சிங்க் ஃபோல்டருக்கு வெளியே இருக்கும் ஒரு பெட்டகம். சிங்க் ஃபோல்டர் நடுவில் இருக்கும் திண்ணை மாதிரி, வந்து உட்காரும் இடம், குடியிருக்கும் இடம் இல்லை.

அம்மா, இப்படிச் செய்யுங்கள். லேப்டாப்பில் "பெட்டகம்" என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 2021, 2022 என்று வருஷம், வருஷத்துக்குள் ஆர்டர் பெயர். மாதம் ஒருமுறை சிங்க் ஃபோல்டரிலிருந்து அங்கே காப்பி. மறுபடியும் சொல்கிறேன், காப்பி. எண்ணிக்கை சரிபாருங்கள். பெட்டகத்தை வெளி ஹார்டு டிஸ்க்கிலும் ஒரு பிரதி எடுங்கள். அதன் பிறகு மொபைலில் அழியுங்கள். சிங்க் ஃபோல்டரிலும் அழியும், அழியட்டும். பெட்டகத்தை எந்த மென்பொருளும் தொடாது.

வேளச்சேரி லினக்ஸ் | வெள்ளி, காலை 8.40

சார் சொல்வது சரி. ராத்திரி அவசரத்தில் எனக்குப் பழகியதைச் சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் கூடச் சேர்க்கிறேன். லேப்டாப்பில் அந்த ஃபோல்டருக்கு ஃபைல் வெர்ஷனிங் என்ற பகுதியில் "டிராஷ் கேன்" தேர்ந்தெடுத்து 90 நாள் என்று போடுங்கள் அக்கா. மொபைலில் அழித்ததால் லேப்டாப்பில் போகும் ஃபைல் உடனே மறையாமல் ஒரு மறைவான ஃபோல்டரில் 90 நாள் கிடக்கும். காப்பி எடுக்க மறந்த படத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

முடிச்சூர் ரோடு | வெள்ளி, மாலை 7.15

இதுவரை படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை.

2015 டிசம்பரில் எங்கள் தெருவில் தண்ணீர் வந்தபோது லேப்டாப் மேஜையில் இருந்தது, பேக்கப் ஹார்டு டிஸ்க் அதே மேஜையின் கீழ் டிராயரில் இருந்தது. ராத்திரி இருட்டில் அம்மாவையும் மருந்துப் பையையும் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனோம். வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. மூன்று நாள் கழித்து இறங்கி வந்து பார்த்தபோது மேஜையே சாய்ந்து கிடந்தது. அப்பா இருந்த கடைசி வருஷத்துப் படங்கள் அதில்தான் இருந்தன. இரண்டு பிரதி இருந்தும் இரண்டும் ஒரே அறையில் இருந்ததால் ஒன்றும் மிஞ்சவில்லை.

2023-இல் மிக்ஜாம் வந்தபோது மறுபடி தண்ணீர். ஆனால் அதற்குள் ஒரு டிஸ்க்கைத் திருச்சியில் தங்கை வீட்டில் வைக்க ஆரம்பித்திருந்தேன். இந்த முறை நிம்மதியாக மேலே போய் உட்கார்ந்தேன்.

கிளவுட் வேண்டாம் என்று நாம் முடிவு செய்தால், அது செய்கிற ஒரு வேலையை நாமே செய்ய வேண்டும்: ஒரு பிரதியை வேறு ஊரில், குறைந்தது வேறு பேட்டையில் வைப்பது. அம்மா, பெரம்பூரிலும் மழைக்குத் தண்ணீர் தேங்கும் தெருக்கள் உண்டு. தயவுசெய்து ஒரு டிஸ்க்கை வெளியே கொடுத்து வையுங்கள்.

பெரம்பூர் ஆரி | வெள்ளி, இரவு 8.30

உங்கள் அப்பா படங்களைப் பற்றிப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. அக்கா அரக்கோணத்தில் இருக்கிறாள், அங்கே வைக்கலாம். ஆனால் டிஸ்க் வழியில் தொலைந்தால்? வாக்குக் கொடுத்த படங்கள் ஆயிற்றே.

ரிச்சி தெரு சர்வீஸ் | வெள்ளி, இரவு 9.20

வெராகிரிப்ட் போடுங்கள் மேடம். இலவசம். டிஸ்க் முழுவதையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிடும். ரயிலில் விட்டுவிட்டு வந்தாலும் எடுப்பவருக்கு ஒரு படமும் தெரியாது. விண்டோஸ் ப்ரோ என்றால் பிட்லாக்கர் கூடவே வரும், ஹோம் பதிப்பில் வெளி டிஸ்க்கைப் புதிதாகப் பூட்டும் வசதி கிடையாது.

உள்ளே ஃபார்மட் செய்யும்போது எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் தேர்ந்தெடுங்கள். ஃபேட்32 போட்டால் 4 ஜிபிக்கு மேல் உள்ள வீடியோ ஏறாது.

பெரம்பூர் ஆரி | அடுத்த புதன், காலை 11.05

பெட்டகம் போட்டாகிவிட்டது. ஆனால் அளவுக் கணக்கு ஃபோல்டரில் இரண்டு புதுச் சிக்கல்.

ஒன்று, ஒரே கணக்கு இரண்டாக நிற்கிறது. இரண்டாவதின் பெயரில் "சிங்க் கான்ஃப்ளிக்ட்" என்று தேதியோடு ஒட்டியிருக்கிறது.

இரண்டு, ஒரு ஃபைல் லேப்டாப்பிலிருந்து மொபைலுக்கு வரவே மாட்டேன் என்கிறது. அதற்குப் பெயர் தமிழில் கொஞ்சம் நீளமாக வைத்திருக்கிறேன்: பெண் பெயர், ஊர், கல்யாணத் தேதி, புடவை நிறம், எந்த மாதிரி கை என்று எல்லாம். லேப்டாப்பில் எந்தக் குறையும் சொல்லவில்லை.

வேளச்சேரி லினக்ஸ் | புதன், மதியம் 1.30

முதலாவது: லேப்டாப் அணைந்திருந்தபோது மொபைலில் யாரோ திருத்தியிருக்கிறார்கள், அது மொபைலிலிருந்து வந்து சேரும் முன் நீங்களும் லேப்டாப்பில் திருத்தியிருக்கிறீர்கள். எது சரி என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தனிப் பெயரில் ஒதுக்கி வைத்துவிட்டது. இரண்டையும் திறந்து ஒப்பிட்டு, சரியானதை வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். அளவு விஷயம், ஒப்பிடாமல் அழித்துவிடாதீர்கள். இனி அளவைத் திருத்துவது லேப்டாப்பில் மட்டும், மொபைலில் பார்ப்பது மட்டும் என்று வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சிக்கலை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இது நம் மாதிரி எழுத்துகளில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வருவது. ஆண்ட்ராய்டில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் குறியீடு. "கல்யாண" என்பது நமக்கு நான்கு எழுத்து. கம்ப்யூட்டருக்கு க, ல, புள்ளி, ய, கால், ண என்று ஆறு குறியீடு, அதாவது 18 பைட். மொத்தம் 85 குறியீடு வரைதான் தாங்கும். விண்டோஸ் பைட்டை எண்ணாமல் வேறு அலகில் 255 வரை எண்ணுவதால், அங்கே உங்கள் பெயர் சுகமாக உட்கார்ந்துவிடுகிறது.

தமிழில் பெயர் வைப்பதை விட்டுவிடாதீர்கள் அக்கா. பெயரில் ஆர்டர் எண், பெண் பெயர், தேதி மட்டும் இருக்கட்டும். நிறமும் கையும் கணக்குக்குள் இருக்கட்டும்.

கொளத்தூர் டீச்சர் | புதன், மாலை 6.00

தம்பி, அப்படியானால் இதுவும் அதே வகையா? என் மேக்கிலிருந்து ஹார்டு டிஸ்க்குக்குக் காப்பி செய்த ஃபோல்டர்களில் "கொளத்தூர்" என்று இரண்டு நிற்கின்றன. எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். ஒரே பெயரில் இரண்டு எப்படி இருக்க முடியும்?

வேளச்சேரி லினக்ஸ் | புதன், இரவு 8.22

கண்ணுக்கு ஒன்று, உள்ளே இரண்டு டீச்சர். "கொ" என்பதை யூனிகோடில், அதாவது கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு வைத்திருக்கும் பொதுக் குறியீட்டு முறையில், இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒகரக் குறி முழுசாக ஒரே குறியீடாக வரலாம். அல்லது க, ஒற்றைக் கொம்பு, கால் என்று பிரிந்தும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக்கின் பழைய ஃபைல் முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும், நாம் விண்டோஸில் அடிப்பது பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். கொ, கோ, கௌ மூன்று வரிசைக்கும் இது உண்டு. இரண்டு ஃபோல்டருக்குள்ளும் என்ன இருக்கிறது என்று பார்த்து ஒன்றில் சேர்த்துவிட்டு மற்றதை நீக்குங்கள். சிங்க்திங் தானாகவே இந்தப் பெயர்களை ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும், கையால் காப்பி செய்யும்போதுதான் இது வருகிறது.

நங்கநல்லூர் 61 | புதன், இரவு 9.40

ஐம்பது வருஷமாக எழுதுகிறேன், ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்தால்தான் ஒகரம் என்று. கம்ப்யூட்டருக்கும் அது தெரிந்திருக்கிறது என்பதில் சந்தோஷம்.

தொடர்பு எண்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பெரிய ஏற்பாடு தேவையில்லை அம்மா. கான்டாக்ட்ஸ் செயலியில் "ஏற்றுமதி" கொடுத்தால் எல்லா எண்களும் ஒரே விசிஎஃப் ஃபைலாக வரும். மாதத்துக்கு ஒருமுறை அதையும் பெட்டகத்தில் போட்டுவிடுங்கள். எந்த மொபைலிலும் திறந்து சேர்த்துக்கொள்ளலாம்.

பெரம்பூர் ஆரி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.05

எல்லோருக்கும் தகவல் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

இன்றைக்குக் காலை ரயிலில் அரக்கோணம் போய் டிஸ்க்கை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கொடுக்கும் முன் அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் சொருகி, வெராகிரிப்ட் நிறுவி, பாஸ்வேர்டு போட்டுத் திறந்து பார்த்தேன். 2021-லிருந்து ஓர் ஆர்டர், போன மாதத்திலிருந்து ஓர் ஆர்டர் என்று திறந்தேன். எல்லாப் படமும் தெளிவாக வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இந்த டிஸ்க்கை எடுத்து வந்து, வீட்டில் இருக்கும் இன்னொன்றை அங்கே வைப்பதாக ஏற்பாடு. பாஸ்வேர்டு இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறது, டிஸ்க்கோடு இல்லை.

மொபைலில் இப்போது 48 ஜிபி காலி. அழிக்கும்போது ஐயா சொன்ன வரிசையில்தான் போனேன்: காப்பி, எண்ணிக்கை, டிஸ்க், அப்புறம் அழிப்பு.

தையில் என்னிடம் கேட்ட அந்த அம்மாவைப் போன வாரம் சந்தையில் பார்த்தேன். படங்கள் என் வீட்டைத் தாண்டி எங்கே இருக்கிறது என்றால் பூட்டிய ஒரு டிஸ்க்கில் மட்டும் என்று சொன்னேன். தன் பேத்தி காதுகுத்துக்கு ஒரு பட்டுப்பாவாடை சட்டைக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்.

தொலைந்ததில் பாக்கி ஒன்பது படம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அந்த மூன்று வீட்டுக்கும் போன் செய்து நடந்ததைச் சொல்லி, கல்யாண ஆல்பத்தில் பிளவுஸ் தெரியும் படம் இருந்தால் கேட்டேன். ஆறு வந்துவிட்டது. ஒரு பெண் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாளாம், ஊருக்கு வரும்போது பிளவுஸையே எடுத்து வந்து காட்டுகிறேன் என்றிருக்கிறாள்.